பேப் ரூத்துக்கு இடம் உண்டு, கிப்ஸனுக்குக் கிடையாதா?

பத்து நாளாக வீட்டில் எனக்கும் பையனுக்கும் சண்டை. மார்க் விஷயம் இல்லை, பேஸ்பால்! புனேயில் குடியிருக்கும் தமிழ் பேங்க்காரன் வீட்டில் பேஸ்பாலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியூஜெர்சி மச்சினர் லீவுக்கு வந்தபோது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்கிற விளையாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 1961-லிருந்து விற்கிற சமாசாரம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு அட்டை. அவர் நிஜத்தில் ஆடிய கணக்குப்படி அதில் பலன்கள் அச்சடித்திருக்கும். மூன்று பகடையை உருட்டினால் அடியா அவுட்டா என்று தெரியும். எந்தக் காலத்து ஆளையும் பொறுக்கி நம் கனவு அணியைப் போட்டுக்கொள்ளலாம்.

பையன் போட்ட அணியில் பேப் ரூத், டை காப் எல்லாம் இருந்தார்கள். ஒரு கறுப்பர்கூட இல்லை. "ஜோஷ் கிப்ஸன் எங்கேடா?" என்றேன். "அவருக்கு ஸ்டாட்ஸ் சரியா இல்லப்பா. சின்ன சாம்பிள்."

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கு ஏன் சரியாக இல்லை? 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கும்வரை, அறுபது வருஷத்துக்கும் மேலாக பெரிய லீக்குகளில் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் தனியாக ஆடினார்கள். 'நீக்ரோ லீக்' என்றே அதற்குப் பெயர். லீக் ஆட்டங்கள் குறைவு, மீதி நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைத்தார்கள். அதையெல்லாம் யார் ஒழுங்காக எழுதி வைத்தார்கள்? கிப்ஸனின் பட்டயத்தில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று பொறித்திருக்கிறார்கள், அதிகாரக் கணக்கிலோ 200-கூட வராது. ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் செத்துப்போனார் மனுஷன்.

எங்கள் பேங்கில் ஒரு தொகைக்கு வவுச்சர் கிடைக்கவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று எழுதமாட்டோம். சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துவிட்டுத் தேடுவோம். அங்கேயும் பழைய பேப்பர்களைப் புரட்டித் தேடினார்கள். 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்தான் என்று அறிவித்து, 2024 மே மாதம் கணக்கையும் சேர்த்தார்கள். டை காப்பின் 0.367 சராசரி கீழே இறங்கி, கிப்ஸனின் 0.372 முதலிடத்துக்கு வந்தது.

பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. காப் 3,000 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர், கிப்ஸன் கணக்கில் இருப்பது சுமார் 600. சரி, கழிவு போடு. ஆனால் ரூத்துக்கும் போடு! அவருடைய 714 ஹோம் ரன்னில் ஒன்றுகூட சாட்சல் பெய்ஜ் போட்ட பந்தில் இல்லை, போட விட்டால்தானே? அந்தப் பெய்ஜை 1948-ல், 42 வயதில் 'புதுமுகம்' என்று சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டுச் சேர்த்த நம்பர் மட்டும் சுத்தக் கணக்காம்!

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? இதே புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளம் பராமரித்து, வலையில் பந்து போட்டுக் கற்றுக்கொண்டவர் பல்வங்கர் பாலூ. தலித். ஆட்ட நடுவே டீயை அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்தியாவின் முதல் டெஸ்ட் 1932-ல்தான். டெஸ்ட் கணக்கைப் பார்த்து ஆள் எடுக்கிறவன் கனவு அணியில் பாலூவும் வரமாட்டார்.

அட்டை கிடையாது என்று சாக்கும் சொல்ல முடியாது. அதே கம்பெனி 2009-லேயே நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிக் கட்டு போட்டுவிட்டது. மச்சினரிடம் சொல்லி வரவழைத்தேன் (தபால் செலவைக் கேட்டு வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை).

போன ஞாயிறு என் அணியில் கிப்ஸன், பெய்ஜ். அவன் பக்கம் ரூத். பெய்ஜ் பந்தில் ரூத் மூன்று தடவை அவுட். கிப்ஸனும் ஒன்றும் கிழிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் 5-2, நான் தோற்றேன். அட்டைகளை அடுக்கும்போது "அடுத்த வாரம் பெய்ஜ் எனக்குப்பா" என்கிறான் பையன்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.