நீருக்கும் ஒரு பேரேடு வேண்டும்

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ரூபாய் வந்தால் அதற்கு ரசீது உண்டு. ஒரு ரூபாய் போனால் அதற்குச் செலவுச் சீட்டு உண்டு. ஆண்டு முடிவில் ஐந்தொகை தயாராகிறது. லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே பங்கு ஈவைப் பற்றிப் பேசச் சட்டம் இடம் தருகிறது. பணத்தை இத்துணைக் கட்டுப்பாட்டுடன் காத்துவரும் நாம், அப்பணத்துக்கெல்லாம் மூலமாகிய நீரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதி வைக்கிறோமா? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் ஆற்று நீரையும் ஏரி நீரையும் அளக்க மறந்துவிட்டோம்.

பருவம் சொன்ன சொல் தவறாதிருந்த காலத்தில் இம்மறதியால் பெருங்கேடு விளையவில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்நாளை நம்பியே காவிரிப் படுகையில் குறுவைக்கு நாற்று விட்டார்கள். அண்மைக் காலத்து நிலை என்ன? 2017இல் அணை அக்டோபர் 2இல் திறக்கப்பட்டது. 2019இல் ஆகஸ்டு 13இல். 2022இல் மே 24இலேயே. 2024இல் ஜூலை 28இல். 2023இல் வழக்கமான ஜூன் 12இல் திறந்தும், மேலே மழை பொய்த்தமையால் அக்டோபரில் பாசன நீரை நிறுத்த நேர்ந்தது, குறுவை வாடியது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாநிலத்தின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 92 சென்டிமீட்டர்தான். ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்தால் எந்த ஏரிக்கரை தாங்கும்? ஒரே ஆண்டில் ஒருபுறம் வறட்சி, மறுபுறம் வெள்ளம்!

இதன் காரணத்தை விஞ்ஞானிகள் தெளிவாகவே கூறுகின்றனர். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்ததால் உலகின் வெப்பம், யந்திரத் தொழில் பரவுவதற்கு முன்னிருந்ததைவிட ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைச் சுமக்கும். ஆகவே கொட்டும் மழை முன்னிலும் கடுமையாகக் கொட்டுகிறது. மழையற்ற நாட்களில் மண்ணும் ஏரியும் முன்னிலும் விரைவாக உலர்கின்றன. பஞ்சாங்கத்தையும் பழைய வழக்கத்தையும் மட்டும் நம்பிப் பாசனம் செய்யும் காலம் கடந்துவிட்டது.

அரசாங்கம் இதை அறியாமலில்லை. பருவநிலை மாற்றம் பற்றி 2008இல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டத்தின் ஓர் அங்கமாகிய தேசிய நீர் இயக்கம் 2011இல் ஒப்புதல் பெற்றது. நீரைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல், நீர்ப் பயன்பாட்டின் திறனை நூற்றுக்கு இருபது பங்கு உயர்த்துதல், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகக் கருதி நிர்வகித்தல் ஆகியவை அதன் குறிக்கோள்களுள் அடங்கும். குறிக்கோள்கள் உயர்ந்தவையே. ஆனால் நூற்றுக்கு இருபது பங்கு என்றால் எதில் இருபது? கடைமடையில் எவ்வளவு நீர் பாய்ந்தது என்று எழுதி வைக்காத ஊரில் எதைக் கூட்டி எதைக் கழிப்பது?

இக்குறை எளியவனை எவ்வாறு வாட்டுகிறது என்பதை நாம் நேரில் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஏரிப்பாசனச் சிற்றூர் ஒன்றின் சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அவ்வாண்டு ஏரியில் கால் பங்கு நீரே தங்கியது. தலைமடையில் நெல் விளைந்தது. கடைமடையில் கதிர் பிடிக்குமுன் காய்ந்தது. ஊர் முழுவதற்கும் சேர்த்தே விளைச்சல் மதிப்பிடப்பட்டமையால் சேதம் குறைவென்றே கணக்காயிற்று. ஆகவே குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றிக் கொடுக்கும் சலுகை எவருக்கும் கிட்டவில்லை. தலைமடையார் கடனைச் செலுத்தினர்; கடைமடையார் தவணை தவறியோர் ஆயினர். அப்பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் நாமே. முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, என் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று உங்கள் கணக்கில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. ரொக்கப் புத்தகத்தில் ஒரு பிழையும் காணாத நாம், அவருக்கு மறுமொழி கூற இயலாமல் திரும்பினோம்.

நெசவாளத் தோழர்கள் இது விவசாயிகள் காரியம் என்று ஒதுங்கிவிடலாகாது. பெருமழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் எத்தனை நாள் தறி நிற்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க வெயில் வேண்டும். நூலுக்குச் சாயமேற்ற நல்ல நீர் வேண்டும். விளைந்த ஊரில்தான் சேலையும் வேட்டியும் விற்கும்.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கங்களின் ஆலோசனைக்கு வைக்கிறோம். முதலாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு மழைமானி வைத்து, மழையளவையும், மதகடியில் நடப்பட்ட அளவுகோல் காட்டும் ஏரி நீரின் ஆழத்தையும், நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தையும், கடைமடைக்கு நீர் பாய்ந்த நாட்களையும் ஒரு பேரேட்டில் எழுதி வருதல். இரண்டாவது, ஏரி நிரம்பினால் எவ்வளவு பரப்பில் நெல், பாதியானால் எவ்வளவு, காலானால் எந்தப் புன்செய்ப் பயிர், முறைநீர் யாருக்கு எந்நாள் என்பதை நீர் வருமுன்னரே பொதுக்குழுவில் தீர்மானித்தல். மடையருகே மண்வெட்டியுடன் நிற்கும்போது நியாயம் பேச எவருக்கும் பொறுமை இராது. மூன்றாவது, கடன் தவணையை மாற்றியமைக்கும்போது ஊரின் பொது மதிப்பீட்டோடு இப்பேரேட்டையும் சான்றாக ஏற்கும்படி மேல்நிலை வங்கிகளையும் அரசாங்கத்தையும் கேட்டல்.

கிணற்றுக் கணக்கு எதற்கென்று சிலர் வினவலாம். ஏரி நீர் நம் நடப்புக் கணக்கு. நிலத்தடி நீரே நம் சேமநிதி. தமிழ்நாட்டில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பிர்காக்களில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கப்படுகிறது. சேமநிதியை ஆண்டுதோறும் எடுத்துண்ணும் சங்கத்தைப் பதிவாளர் கலைத்துவிடுவார். நிலம் அவ்வாறு உத்தரவு அனுப்புவதில்லை. ஒரு நாள் கிணறு வறண்டு போகிறது, அவ்வளவே.

"நம் சிறு சங்கம் எழுதும் ஏடு மேட்டூருக்கு நீர் கொண்டு வருமா?" என்று கேட்பாரும் உண்டு. வராது. ஆனால் வந்த நீர் யாருக்குச் சென்றது என்பதைச் சொல்லும். தேசியத் திட்டம் கேட்கும் விவரங்கள் தலைநகரில் விளைவதில்லை, மதகடியில்தான் விளைகின்றன. நாம் கணக்கைக் கொடுத்தால், அணையில் உள்ள நீரையும் வரக்கூடிய மழையையும் கருதி எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நாள் நீர் விடப்படும் என்பதை விதைப்புக்கு முன்பே தெரிவிக்குமாறு அரசாங்கத்தைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டாகும்.

ஒரு மழைமானியும் ஒரு பேரேடும் வாங்கப் பெரும் பொருள் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடும் பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். நாமும் இனி ஆய்வுக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்தோடு நீர்ப் பேரேட்டையும் கேட்போம்.