வளைவு ஒன்றா, இரண்டா?

பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்கள் துருவைச் சுரண்டவோ பெயிண்ட் அடிக்கவோ பயப்படுவதில்லை. கம்பெனிப் பெயரை ஒட்டும்போதுதான் கை நடுங்குகிறது. பிரேமில் ஒழுங்காக உட்கார்ந்த ஸ்டிக்கர் மட்கார்டில் சுருங்கிக்கொள்ளும். உடனே ‘நமக்குக் கைப்பக்குவம் போதாது’ என்று நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, மட்கார்டின் வடிவத்தில் இருக்கிறது.

நெய்வேலியில் இந்தச் சங்கடம் வருவது இயல்பு. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, நகரியம் வட்டம் வட்டமாக எழுந்த காலத்தில், ஷிப்டுக்குப் போன தொழிலாளர்கள் பலருக்கும் சைக்கிள்தான் வாகனம். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது தாத்தாவின் ஹெர்குலிஸோ ராலேயோ வெளியே வருகிறது. பேரனுக்கு அதைப் பழையபடி பார்க்க ஆசை.

ஒரு தாளை எடுத்து சைக்கிள் பாரில் சுற்றிப் பாருங்கள்; மடிப்பே விழாது. குழாய் குறுக்கே மட்டும் வளைந்திருக்கிறது, நீளவாக்கில் நேர்கோடு. அதே தாளை மட்கார்டின் முதுகில் வைத்தால் கதை வேறு. அது சக்கரத்தோடு சேர்ந்து நீளவாக்கிலும் வளைகிறது, குறுக்கேயும் வளைகிறது. முதுகின் நடு, சக்கர மையத்திலிருந்து 37 செ.மீ. தள்ளியும், ஓரம் 35 செ.மீ. தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒட்டினால், ஓரத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் சுமார் 9.5 செ.மீ.தான். மிச்சம் அரை சென்டிமீட்டர் போக வழியில்லாமல் சுருக்கமாக எழும்புகிறது. இழுக்காமலும் வெட்டாமலும் தட்டையான தாளை இப்படிப்பட்ட பரப்பில் படியவைக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணிதமேதை கவுஸ் 1827-ல் நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிறது. உலகப்படம் வரைகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த இடம் ஒரு பக்கம் வளைகிறதா, இரண்டு பக்கமும் வளைகிறதா?

ஒரு பக்க வளைவில் சுருக்கம் பிரச்சினை இல்லை, கோணல்தான் பிரச்சினை. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் சீட் குழாய் ஏறத்தாழ 28.6 மி.மீ. விட்டம், சுற்றளவு 90 மி.மீ. அதைச் சுற்றி வரும் பட்டையை ஒரே ஒரு பாகை சாய்த்து ஆரம்பித்தால், இரு முனைகளும் சேருமிடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். கண்ணுக்கு அது உடனே தெரியும். குழாயைச் சுற்றி ஒரு தாள் நாடாவைக் கட்டி, அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் மெல்லக் கோடு போட்டுக்கொண்டால் போதும். நீளவாக்கில் ஓடும் பெயருக்கு நூல் பிடித்துக்கொள்ளலாம்.

ஃபோர்க்கின் கால் ஓர் ஏமாற்று வடிவம். கீழே போகப்போக மெலிவதால் அது கூம்பு. நேரான பகுதியில் தாள் அதன்மேல் மடிப்பில்லாமல் சுற்றும். ஆனால் நேர்ப்பட்டை திருகிக்கொண்டு போகும். முதலில் வெற்றுத்தாளைச் சுற்றி, மேல் கீழ் விளிம்புகளைக் குறித்து வெட்டி விரித்துப் பாருங்கள். பிறைபோல் வளைந்த வடிவம் கிடைக்கும். ஸ்டிக்கரையும் அதே அச்சில் வெட்ட வேண்டும்.

இனி எதை ஒட்டுவது என்பது. அக்காலச் சைக்கிள்களில் இருந்தவை இன்றைய பசை ஸ்டிக்கர்கள் அல்ல, டிரான்ஸ்பர்கள். ஒரு வகைக்கு வார்னிஷ் தடவி, அது பிசுபிசுக்கும் பதத்தில் அழுத்தி, தாளை நனைத்து உரிப்பார்கள். பபிள்கம்மோடு வந்த டாட்டூவைக் கையில் ஒட்டினோமே, அதுபோல. இன்னொரு வகையைத் தண்ணீரில் ஊறவைத்தால் தாளிலுள்ள பசை கரைந்து, படம் மட்டும் மெல்லிய ஏடாக வழுக்கி வரும். இரண்டுமே மெலிதானவை, அதனால் லேசான இரட்டை வளைவுக்கும் ஓரளவு இணங்கும். தண்ணீர் வகையில் நீர்த்த வினிகரைத் தொட்டால் ஏடு இன்னும் இளகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றியெடுத்து, நிற்கும் குமிழியை ஊசியால் குத்தி அமர்த்தலாம். அடியில் உள்ள பெயிண்ட் பளபளப்பாக இருப்பது அவசியம். சொரசொரப்பில் காற்று தங்கி வெள்ளி பூத்ததுபோல் தெரியும்.

ரேடியம் ஸ்டிக்கர் கடையில் (ரேடியம் அதில் துளியும் கிடையாது) வெட்டித் தருவது பெரும்பாலும் வினைல். ஹேர் டிரையர் காட்டினால் எந்த வளைவிலும் படியும் என்பது பாதி உண்மை. உருளைகளுக்கிடையே இழுத்துச் செய்யும் மலிவான வினைல், சூட்டில் நீண்டாலும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். சில வெயிலுக்குப் பிறகு ஓரம் தூக்கிக்கொள்ளும். கூழாக ஊற்றிக் காயவைக்கும் காஸ்ட் வினைல் மெல்லியது, அவ்வளவாகச் சுருங்காது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாத வெயிலில் இரும்பு சுட்டால் ஈரம் உடனே உலர்ந்து, நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்காது, காலையிலேயே ஒட்டிவிடலாம். ஐப்பசி மழையில் மேற்பூச்சாக லாக்கர் அடித்தால் ஈரத்தால் வெளுத்துப்போகும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் ஈர வார்னிஷில் தூசி படியாமல் காப்பது தனி வேலை. கதவடைத்த அறை நல்லது. பெயிண்ட் முழுக்கக் காயாமல் ஒட்டினால் உள்ளிருந்து எழும் ஆவி குமிழியாக நிற்கும் என்பதும் மறக்கக்கூடாதது. ஒட்டிய பிறகு லாக்கரை ஒரேயடியாகக் கனமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் படத்தையே கரைத்துவிடும். முதல் பூச்சு தூவலாக இருக்கட்டும்.

மட்கார்டுக்கு என்ன வழி? படம் சின்னதாக இருந்தால் மெல்லிய டிரான்ஸ்பர் போதும். பெரிதென்றால் எழுத்துகளுக்கு இடையே வெட்டித் தனித்தனியாக வைக்கலாம். ஒவ்வொரு துண்டும் சின்னதாக ஆக, சுருங்க வேண்டிய மிச்சமும் குறைந்துவிடும். நீளக் கோடுகள் வேண்டுமென்றால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, போர்டு எழுதும் பெயிண்டரிடம் கொடுப்பதே என் கட்சி. அந்நாளில் பல தொழிற்சாலைகளில் மட்கார்டுக் கோடுகளைத் தூரிகையால்தான் இழுத்தார்கள். தூரிகைக்கு எத்தனை பக்கம் வளைந்தாலும் கவலையில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன், மிச்சமிருக்கும் எழுத்தின்மேல் டிரேசிங் தாள் வைத்து அச்செடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமும் பிடித்துவைத்தால், பெயிண்டருக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் அதுவே அளவு.