கன்னம் நம்முடையதாக இருந்தால்தான் வலிக்குமா?



2023 ஆகஸ்ட் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் முஸஃபர்நகர் மாவட்டத்தில், ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனை அவனுடைய வகுப்புத் தோழர்களைக் கொண்டே ஆசிரியை அறையச் செய்தார். அந்தக் காட்சியைக் கண்டு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் கலங்காத உள்ளம் இருந்திருக்காது.

அதற்குப் பதினைந்தே நாள்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 9 இரவில், நம் மாநிலத்து நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவருடன் பயின்ற மாணவர்கள். தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அவர் பள்ளியில் முறையிட்டதற்கே அந்தத் தண்டனை.

"அது அவர்களுடைய சாதிச் சண்டை, இஸ்லாத்தில் சாதி இல்லை, நமக்கென்ன?" என்போர் நம்மிடையே உள்ளனர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம். இஸ்லாத்தில் சாதி இல்லை என்னும் உண்மையே நம்மீது கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறது.

நம்முடையவை தோலால் வாழும் ஊர்கள். தொழிற்சாலைகளில் சுண்ணாம்பிலும் ஈரத்திலும் நின்று தோல் பதனிடுவோரில் பட்டியலின மக்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகள் நம் சமுதாயத்தார் நிறுவிய பள்ளிகளிலும் பயில்கின்றனர். அப்பிள்ளையின் அருகில் அமர மறுத்து மூக்கைப் பொத்துகிற மாணவன், எந்தத் தோலின் வருவாயில் சோறு உண்கிறான்? உருது பேசுவோனும் தமிழ் பேசுவோனும் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதும் அதே நோய்தான்.

ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரைப் பரிகசிப்பதைத் திருக்குர்ஆன் (49:11) தடுக்கிறது. ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துரைத்த அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. நெருங்கிய தோழர் என்பதற்காக அண்ணலார் வாளாவிருக்கவில்லை. நம் பிள்ளைகள் என்பதற்காக நாம் வாளாவிருப்பது எங்ஙனம் தகும்?

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகர வரிசையில் அமர்த்துதல், சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுத்தல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரத்தை நீக்குதல், பள்ளி நல அலுவலரை நியமித்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில. இவற்றுள் எதற்கேனும் மார்க்கத்தில் தடை உண்டா? நம் நிர்வாகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே இருக்கை வரிசையை மாற்றலாம்.

எனினும் ஒன்றை மறவாதீர். முறையிட்ட பிள்ளையை அன்று மாலை யார் காப்பது என்னும் வினாவுக்கு விடையில்லாத பள்ளியில், புகார்ப் பெட்டி வைப்பதால் பயனில்லை. இழிவுபடுத்திய மாணவனை வெளியேற்றிக் கைகழுவுவதும் தீர்வாகாது. அவன் அச்சொல்லைக் கற்ற இடம் பெரும்பாலும் வீடு. ஆகவே அவனுடைய பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும். மக்தபில் உஸ்தாதும் இதனைப் பாடமாகவே நடத்த வேண்டும்.

முஸஃபர்நகரில் நீதி கேட்கும் நாவுக்கு, ஆம்பூரில் அதனை வழங்கும் கடமையும் உண்டு. நமக்கே எதிராயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு இறைமறை (4:135) பணிக்கிறது. அந்த உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.