டாக்டர் வரும்வரை முயலைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: "வீட்டுப் பின்புறம் கூண்டு வைத்து 7 முயல்கள் வளர்க்கிறோம். குட்டி போட்டு 12 நாள்களான 3 கிலோ தாய் முயல், சனிக்கிழமை மாலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. புழுக்கையும் நின்றுவிட்டது. முயல் பார்க்கும் டாக்டர் திங்கள்கிழமைதான் வருவார் என்கிறார்கள். அதுவரை என்ன செய்யலாம்?"
– வாசகி, இரும்புலியூர்.

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அந்தத் திங்கள்கிழமை கடந்திருக்கும். ஆனால், முயல் வளர்க்கும் எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம். ஆடு, மாட்டுக்கு நோவு என்றால் கைவைத்தியம் சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். முயலுக்கு அப்படி யாரும் கிடைப்பதில்லை. நாய், பூனை பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் முயல் பார்ப்பதும் இல்லை. எனவே, டாக்டர் கிடைக்கும்வரை உயிரைப் பிடித்து வைப்பது வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

12 மணி நேரம்தான் கணக்கு

மாடு ஒரு நாள் தீனி எடுக்காவிட்டால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுவோர் உண்டு. முயலுக்கு அப்படி இருக்கக் கூடாது. முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தீனி நின்றால் குடல் அசைவு குறையும், உள்ளே இருப்பது காய்ந்து கட்டிப்படும், வாயு சேரும், வலியால் முயல் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுத்து வெளியேற்றவும் முயலால் முடியாது. 12 மணி நேரம் தீனியும் புழுக்கையும் இல்லையென்றால், அது அவசர நிலை. இன்னொன்று, முயல் நோயை வெளிக்காட்டாத பிராணி. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்தால், வலி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் போன், பிறகு கைவேலை

உள்ளூர் அரசு கால்நடை மருந்தக டாக்டரிடம் போனில் பேச வேண்டும். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, முயலுக்கு உதவி கிடைக்குமா என்று கேட்கலாம். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் கைகொடுக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. பூந்தமல்லி அருகிலும் ஒரு காட்டுப்பாக்கம் இருப்பதால், ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வடக்கே, எழும்பூரை ஒட்டிய வேப்பேரியில், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதானாலும், அந்த நேரத்தில் முயல் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

போனில் இந்த விவரங்களைச் சொன்னால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்: கடைசியாகத் தின்ற நேரம், கடைசியாகப் புழுக்கை போட்ட நேரம், எடை, குட்டி போட்ட தேதி, சமீபத்தில் தீவனம் மாற்றியது, ஏற்கெனவே கொடுத்த மருந்து. முயல் மூச்சு விடுவதை வீடியோ எடுத்து அனுப்பலாம்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகே தீனி

வயிறு மத்தளம்போல இறுகி, தட்டினால் 'டம் டம்' என்று கேட்டால், வாய்வழியாக எதுவும் புகட்டக் கூடாது. அது வயிறு உப்புசம். அந்த முயல் திங்கள்கிழமைவரை தாங்காது. எவ்வளவு தூரமானாலும் அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தலை தொங்கிக் கிடக்கும் முயலுக்கும், விழுங்க முடியாத முயலுக்கும் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வயிறு மெத்தென்று இருந்து, விழுங்கவும் முடிந்தால், போனில் டாக்டரின் யோசனையைக் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்யலாம். வழக்கமாகக் கொடுக்கும் குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, மையாகக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சை, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக வைத்து, ஒரு தடவைக்கு 1 மில்லிதான் விட வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த மில்லி. முதல் வேளைக்குக் கிலோவுக்கு 5 மில்லி போதும். தாங்கினால், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லி. 3 கிலோ முயலுக்கு அது 30 மில்லி. இடையில் சுத்தமான தண்ணீரையும் இதேபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். முயலை மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது.

காது சில்லிட்டிருந்தால், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உடம்போடு அணைத்து வைக்க வேண்டும். சூடு பிடிக்காமல் விலகிக்கொள்ளவும் இடம் விட வேண்டும். கோடையில் வாய் திறந்து இரைத்து, காது கொதித்தால், அது வெயில் தாக்கம். அப்போது நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் காதை நனைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

வீட்டு மாத்திரை வேண்டாம்

தாமதத்தில் முயல் சாவதைவிட, பதற்றத்தில் கொடுத்த மருந்தால் சாவது இன்னும் வருத்தமானது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு இறந்துவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு நஞ்சு. வலி மாத்திரையோ, எண்ணெயோ டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

குட்டிகளை மறக்க வேண்டாம்

தாய் முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். எனவே, குட்டிகளின் வயிறு ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால், இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட இன்னொரு தாயிடம் சேர்த்து விடலாம். அதற்கு முன் நோயுற்ற தாயின் மடியைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். மடி சிவந்து, சூடாக, கட்டியாக இருந்தால் அது மடி நோய். அந்தக் குட்டிகளை இன்னொரு தாயிடம் விட்டால், நோய் அதற்கும் தொற்றிவிடும். அப்படிப்பட்ட குட்டிகளுக்கு டாக்டரிடம் கேட்டு, சொட்டு சொட்டாகப் பால் புகட்டுவதுதான் வழி. எல்லாக் குட்டிகளும் பிழைக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பயணத்தில் கவனம்

காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கும் இன்னொரு கை பின்பக்கத்துக்கும் இருக்க வேண்டும். பின்னங்கால் தொங்கி உதைத்தால் முதுகெலும்பே முறியும். காற்றோட்டமுள்ள கூடையில் சாக்கு விரித்து, கொஞ்சம் புல்லும் வைத்து, வெயிலுக்கு முன்பே கிளம்பிவிடலாம். அந்தக் கூண்டில் கிடந்த கடைசிப் புழுக்கைகளை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் சென்றால், டாக்டர் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு செய்தும் முயல் இறந்துவிடலாம். பிழைக்க வழியில்லை, வலி மட்டும்தான் என்று டாக்டர் சொன்னால், வேதனையில்லாமல் முடித்துவைக்கச் சொல்லிக் கேட்பதும் அதற்குச் செய்யும் நன்மையே. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த முயலாக இருந்தால், மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இறந்த முயலைச் சமைக்கவோ, விற்கவோ கூடாது. மருந்து கொடுத்துப் பிழைத்த முயலையும் டாக்டர் சொல்லும் நாள்கள் கழியும்வரை இறைச்சிக்கு விடக் கூடாது. ஒன்றுக்கு மேல் இறந்தால் புதைப்பதற்கு முன், ஐஸ் வைத்துப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். மிச்சமிருக்கும் முயல்களைக் காப்பாற்ற அதுதான் துப்பு.

தாமதம் கூண்டடியிலும் உண்டு

டாக்டர் வருவதற்கு முன்பாக நடக்கும் தாமதம், பல வீடுகளில் கூண்டடியிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் தீனி போடும்போது இரண்டைப் பார்த்தால் போதும்: நேற்று வைத்த தீனி மிச்சமிருக்கிறதா, கூண்டுக்கு அடியில் புழுக்கை வழக்கம்போல் விழுந்திருக்கிறதா? புழுக்கை சிறுத்தால், அன்று காலையே போன் செய்துவிடலாம். அடர்தீவனத்தைக் கூட்டி, புல்லைக் குறைத்ததாலேயே குடல் அடங்கிப்போகும் முயல்கள் அதிகம். காய்ந்த புல்லும் தண்ணீரும் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். சிரிஞ்ச், துண்டு, கூடை, முயல் பார்க்கும் இரண்டு டாக்டர்களின் எண்கள். இவை நான்கையும் முயல் நன்றாக இருக்கும்போதே சேர்த்து வைத்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலைய வேண்டியிருக்காது.