தண்டல் கணக்கு



மீன் விற்றுப் பிழைக்கும் தாய் ஒருவர் அண்மையில் பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, நாள் முழுவதும் உழைக்கிறேன், கையில் காசு தங்குவதில்லை. வீட்டை ஒருமுறை மந்திரித்துத் தாருங்கள்" என்றார். "வருகிறேன் அம்மா. அதற்கு முன் உங்கள் கடன் கணக்கைச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் வாங்குவது தண்டல். எழுத்தில் 10,000 ரூபாய். 1,500 ரூபாயை வட்டியாக முதலிலேயே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்டவேண்டும். கட்டி முடித்ததும் மறுகடன். "நூற்றுக்குப் பதினைந்துதானே சாமி!" என்பது அவர் எண்ணம்.

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். அந்தப் பதினைந்து ஓராண்டுக்கானதன்று; 100 நாட்களுக்கானது. அன்றாடம் திருப்பிக் கட்டுவதால் முழுத்தொகையும் அவரிடம் இருப்பதுமில்லை. சராசரியாக அதில் பாதி, அதாவது 4,250 ரூபாய் அளவே இருக்கிறது. அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 129 ரூபாய்!

இன்னொன்றும் கண்டோம். ஆறு சுற்றில், அதாவது 600 நாட்களில், வட்டி மட்டும் 9,000 ரூபாய். அவருக்குக் கிடைத்த முதலோ 8,500. "அப்படியானால் என் முதலை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனா?" என்று கேட்டவர், நெடுநேரம் பேசவில்லை.

இத்தகைய தண்டலையும் கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றையும் தமிழக அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. வங்கிக் கடனுக்கும் நிதி நிறுவனக் கடனுக்கும், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. ஆயினும் நாம் கேட்காவிடில் சட்டம் நமக்காக வாய் திறக்குமா? கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கைக்கு வருவது எவ்வளவு? மொத்தம் திருப்பித் தருவது எவ்வளவு? எத்தனை நாளில்?

மகளிர் சுயஉதவிக் குழுவில், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் இதே 8,500 ரூபாயைப் பெற்று 100 நாளில் சிறுகச் சிறுகக் கட்டினால், வட்டி 300 ரூபாய்க்குள் அடங்கும். அதுவும் குழுவின் பொதுநிதியிலேயே சேரும்.

அத்தாய் இப்போது குழுவில் சேர்ந்துள்ளார். பழைய தண்டல் இன்னும் தீரவில்லை. எனினும் நாளுக்கு 20 ரூபாய் ஒதுக்குகிறார். 100 நாளில் 2,000 ரூபாய் சேரும். அடுத்த கடன் அந்த அளவுக்குக் குறையும்.

வாக்களித்தபடி வீடு மந்திரிக்கச் சென்றேன். சுவரிலிருந்த நாட்காட்டியில் தேதிதோறும் 20 என எழுதியிருந்தது. இரண்டு நாட்கள் மட்டும் வெறுமை. "அன்று மீன் விலை போகவில்லை சாமி" என்றார்.

கோபுரம் கட்ட விழைபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவர் தந்த பாடமன்றோ? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, உங்கள் வீட்டுக் கடனை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.