வால்யூமுக்கு ஒரு திருகு போதும்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் அதோடு வந்த சின்ன ஸ்பீக்கர்கள் சலித்துவிடும். வீட்டில் பழைய பவர் ஆம்ப்ளிபையரும் பெரிய ஸ்பீக்கர்களும் சும்மா கிடந்தால், அவற்றோடு கம்ப்யூட்டரை இணைத்தால் என்ன என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் கேபிள் வாங்கக் கடைக்குப் போனால், "ப்ரீ-ஆம்ப் இருக்கா சார்?" என்று கேட்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு மின்சாரமே வேண்டாத 'பாசிவ் ப்ரீ-ஆம்ப்' போதும் என்பது என் கட்சி. (வால்யூம் குமிழ் உள்ள 2.1 ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை.)

ப்ரீ-ஆம்ப் எதற்காக வந்தது என்று பாருங்கள். இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைப் பல மடங்கு பெருக்கி, தட்டில் பதியும்போது குறைத்த பாஸையும் கூட்டிய ட்ரெபிளையும் சரிசெய்து கொடுக்க ஒரு பெட்டி அவசியமாக இருந்தது. 1982-ல் சிடி பிளேயர் வந்தது. அதன் சிக்னல் 2 வோல்ட். இன்றைய யுஎஸ்பி டாக் கருவிகளும் பெரும்பாலும் அதே அளவுதான். கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கில் சுமார் 1 முதல் 2 வோல்ட் கிடைக்கும். பவர் ஆம்ப்ளிபையர் முழுச் சக்தியில் பாடவும் ஏறத்தாழ அவ்வளவுதான் கேட்கிறது. ஆக, பெருக்க வேண்டிய வேலையே இல்லை. குறைக்கத்தான் வழி வேண்டும்.

பாசிவ் ப்ரீ-ஆம்ப் அதை மட்டும் செய்கிறது. ஒரு உலோக டப்பா, உள்ளே ஒரு ஸ்டீரியோ பொட்டென்ஷியோமீட்டர், பின்பக்கம் நான்கு ஆர்சிஏ சாக்கெட்டுகள். ட்ரான்சிஸ்டர் இல்லை, பவர் சப்ளை இல்லை. அதனால் அவற்றின் இரைச்சலும் இல்லை. டிவியையும் இணைக்க வேண்டுமானால் ஒரு செலக்டர் ஸ்விட்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

"வால்யூமைத்தான் விண்டோஸிலேயே குறைக்கலாமே, டப்பா எதற்கு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவின் ஸ்பீக்கர்களைப் பவர் ஆம்ப்ளிபையர் வழியாக நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி, வால்யூமை 10-ல் வைத்துக் கேட்டுவந்தேன். ஒரு நாள் இரவு ஏதோ அப்டேட் ஆகி, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. வால்யூம் 100-க்குப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாட்டைத் தட்டினேன். வீடே எழுந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் ஒரு ட்வீட்டர் போய்விட்டிருந்தது. அந்த மாடலுக்கு மாற்று ட்வீட்டர் கிடைக்கவேயில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சாப்ட்வேர் வால்யூமால் தரம் குறையும் என்பார்கள். 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகும் என்பது கணக்கு. 16 பிட் கருவியில் 36 டெசிபல் குறைத்தால் மிஞ்சுவது 10 பிட். ஆனால் 24 பிட் டாக் வைத்திருந்தால் இது காதுக்கு எட்டாத விஷயம். எனக்குத் தரத்தைவிடப் பாதுகாப்புதான் காரணம். சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதனாலேயே ஸ்பீக்கரின் உயிரை அதன் கையில் ஒப்படைக்கமாட்டேன். கையால் திருகிய குமிழை எந்த அப்டேட்டும் நகர்த்தாது.

பாசிவ் பெட்டி வைத்தால் 'பாட்டு உயிரில்லாமல் கேட்கிறது' என்று குறை சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் குற்றம் பெரும்பாலும் பொருத்தத்தில்தான். பொட்டென்ஷியோமீட்டரின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதன் மதிப்பில் ஏறத்தாழக் கால் பங்கு வரை போகும். 50 கிலோ ஓம் போட்டால் 12.5 கிலோ ஓம். மீட்டருக்கு 100 பிகோபாரட் கெப்பாசிட்டன்ஸ் உள்ள கேபிளை 5 மீட்டர் இழுத்தால், 20 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் காணாமல் போய்விடும். அதே இடத்தில் 10 கிலோ ஓம் போட்டு, கேபிளை 1 மீட்டருக்குள் வைத்தால் இந்தப் பேச்சே எழாது. பவர் ஆம்ப்ளிபையரின் இன்புட் இம்பீடன்ஸ் 20 கிலோ ஓமுக்கு மேல் இருக்கட்டும், மேனுவலில் போட்டிருப்பார்கள்.

கேபிள் நீளமாகத்தான் போக வேண்டும் என்றால் பாசிவ் வேண்டாம், பபர் போடுங்கள். அமெரிக்க ஆம்ப்ளிபையர் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008-ல் வெளியிட்ட பி1 என்ற சர்க்யூட் அந்த வகைதான்: சிக்னலைப் பெருக்காது, கேபிளைத் தள்ளும் பலத்தை மட்டும் தரும். இசைத்தட்டு சுழற்றுபவர்களுக்குத் தனியாக ஒரு போனோ ப்ரீ-ஆம்ப் வேண்டும். அதில் சமரசம் இல்லை.

ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ வாங்கும்போது, 'ஏ10கே' என்று அச்சிட்ட இரட்டை பொட்டென்ஷியோமீட்டர் கேளுங்கள். ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். பி போட்டால் கொஞ்சம் திருகியதுமே சத்தம் தூக்கி அடிக்கும். ரொம்ப மலிவானது வேண்டாம். குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் பாடி மறுபக்கம் முனகும். ஆல்ப்ஸ் ஆர்கே27 வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை. சால்டரிங் பழக்கம் இல்லாவிட்டால் டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

மாட்டி முடித்ததும் குமிழை அடிமட்டத்துக்குத் திருகிவிட்டு, முதலில் கம்ப்யூட்டரையும் கடைசியில் பவர் ஆம்ப்ளிபையரையும் ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப்ளிபையர்தான் முதலில்.