வெளுப்பு வேறு, தூய்மை வேறு

ரயில் பெட்டிகளில் தரப்படும் கம்பளிகள் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை துவைக்கப்படுகின்றன என்ற கேள்விக்கு 2024 நவம்பரில் மக்களவையில் எழுத்துமூலம் பதிலளித்தார் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். மாதத்துக்கு ஒருமுறையேனும் சலவை செய்யப்படுவதாகக் கூறிய அந்தப் பதில் நாடு முழுவதும் விவாதப் பொருளாயிற்று. ஓரிரவுப் பயணத்தில் போர்த்திக்கொள்ளும் கம்பளிக்கே இத்தனை அக்கறை காட்டும் நாட்டில், அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாத காயத்துடன் படுத்திருப்பவரின் படுக்கை விரிப்பு எங்கே, எப்படி வெளுக்கப்படுகிறது என்று கேட்போர் மிகக் குறைவு.

இது அற்பமான கேள்வியல்ல. வளர்ந்த நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், வளரும் நாடுகளில் 15 பேருக்கும், சேர்ந்த பிறகு அங்கேயே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தெரிவித்தது. அப்படித் தொற்றுக்கு ஆளாவோரில் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

இவை அனைத்துக்கும் துணியே காரணம் என்று கூறுவது மிகையாகும். கழுவப்படாத கைகளும், உடலில் பொருத்தப்படும் குழாய்களும்தான் முதன்மைக் காரணங்கள். முறையாக வெளுக்கப்பட்ட துணியால் தொற்று வருவது அரிது. ஆனால், "முறையாக' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. நோய்க்கிருமிகள் சில, துணியில் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2008-09-ல் 5 குழந்தைகள் மியூகோர்மைகோசிஸ் என்னும் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாகி இறந்தனர். அந்தத் தொற்றைக் கொண்டு சேர்த்தவை மருத்துவமனைத் துணிகளே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். வளம் மிக்க நாட்டிலேயே இந்த நிலை. 2021-ல் இந்தியாவில் பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்குச் சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்துகளின் மிகைப் பயன்பாடுமே பெருங்காரணங்கள் என்றாலும், எதிர்ப்பாற்றல் குன்றிய உடலைப் பூஞ்சை எப்படிச் சூறையாடும் என்பதை இந்த நாடு கண்கூடாகக் கண்டது.

மருத்துவமனைச் சலவை என்பது வீட்டுச் சலவையின் பெரிய வடிவம் அல்ல. ரத்தம், சீழ் படிந்த துணிகளை வார்டிலேயே உதறவோ எண்ணவோ கூடாது; ஒழுகாத பைகளில் கட்டி அனுப்ப வேண்டும். பிரிட்டனில் தண்ணீரின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடங்களோ, 71 டிகிரியில் 3 நிமிடங்களோ குறையாமல் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் 71 டிகிரியில் 25 நிமிடங்கள் என்பது பரிந்துரை. அழுக்குத் துணி நுழையும் பக்கமும் தூய துணி வெளிவரும் பக்கமும் சுவரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளுத்த துணி மூடிய வண்டியில் வார்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண்.

இந்தியாவில் வழிகாட்டுதல்களுக்குப் பஞ்சமில்லை. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய "காயகல்ப்' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் வழங்கும்போது சலவைக்கும் தனி இடம் உண்டு. தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டுதல்களை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. ஆனால் மதிப்பெண் என்பது பரிசுக்கு. வழிகாட்டுதல் என்பது அறிவுரைக்கு. சட்டத்தின் பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 2016-ம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் இருக்கிறது. ரத்தம் படிந்து, வேண்டாமென ஒதுக்கப்பட்ட துணி மஞ்சள் பையில் போடப்பட வேண்டும் என்று அவ்விதிகள் ஆணையிடுகின்றன. அதே ரத்தம் படிந்து, மீண்டும் வேறொரு நோயாளிக்கு விரிக்கப்படவுள்ள துணி கழிவல்ல என்பதால், அவ்விதிகளின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. எரிக்கப்போகும் துணிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. உடலில் படப்போகும் துணிக்கு அறிவுரை மட்டுமே.

பீகார் அரசு மருத்துவமனைகளில் கிழமைக்கு ஒரு நிறமாக விரிப்புகளை மாற்றும் "சத்ரங்கி சாதர்' முறை அறிமுகப்படுத்தப்பட்டது. எளிய, பாராட்டத்தக்க யோசனை. இன்று விரிப்பு மாற்றப்பட்டதா என்பதைப் படிக்காத நோயாளியும் கண்டுகொள்ளலாம். ஆனால், அது கொதிநீரைக் கண்டதா, குளத்து நீரைக் கண்டதா என்பதை நிறம் சொல்லாது.

அதைச் சொல்லவேண்டியது ஒப்பந்தம். சலவைப் பணி பல இடங்களில் வெளியாருக்கு விடப்படுகிறது. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்பது நெடுங்கால வழக்கம். தண்ணீரைச் சூடாக்க எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்குப் பணம் வேண்டும். கிலோவுக்குச் சில காசுகள் குறைத்துக் கேட்டவர் அந்தக் காசை எங்கே மிச்சம் பிடிப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. விலையோடு தரத்தையும் எடைபோட்டுப் பணி வழங்க மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் வழி திறந்தது. தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பளிக்கலாம். ஆலோசனை அல்லாத பிற சேவைகளில் 10 கோடி ரூபாய்க்கு மிகாத ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். மத்திய அரசு மருத்துவமனைகள் சலவைக்கு இதைக் கையாளத் தடையேதும் இல்லை.

சீருடையின் நிலை இதைவிட மோசம். செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் பணி முடிந்து அதே உடையோடு பேருந்தில் ஏறி வீடு திரும்பி, குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதே பரவலான நடைமுறை. மருத்துவரின் வெள்ளை அங்கி தேநீர்க் கடை வரை உலா வருகிறது. முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்று பிரிட்டன் 2007-ல் அறிவித்தபோது, நீண்ட கை வைத்த அங்கிக்கும் அங்கே விடைகொடுக்கப்பட்டது. பணியாளரின் உடையை நிர்வாகமே வெளுத்துத் தருவது சலுகையல்ல, நோயாளிக்கான பாதுகாப்பு. துணிக் குவியலுக்குள் மறைந்திருக்கும் ஊசியால் குத்துப்படும் சலவைத் தொழிலாளிக்குக் கையுறையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் உறுதி செய்யப்பட வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் நவீனச் சலவைக்கூடம் அமைப்பது இயலாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கும் முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. மருத்துவக் கழிவுக்கு 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனைகள் அதையே பயன்படுத்த வேண்டும் என்கின்றன 2016 விதிகள். கழிவுக்கு இயன்றது சலவைக்கும் இயலும். மாவட்டந்தோறும் பொதுச் சலவை நிலையம், ஒவ்வொரு சுற்றுக்கும் வெப்பப் பதிவேடு, அதைத் தணிக்கை செய்யும் அதிகாரம் ஆகிய மூன்றும் சட்ட வடிவம் பெற வேண்டும்.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் தில்லி மட்டும் இதைச் செய்துவிட முடியாது. ஆனால், குறைந்தபட்சத் தரத்தை வகுத்து, அதை நிதியுதவியோடு பிணைக்க மத்திய அரசால் முடியும். மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்கு எதிராக 2017-ல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டமே, தொற்றைத் தடுப்பதை முன்னுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. புதிய மருந்தைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் பல ஆகும். கொதிநீருக்கு ஓர் ஒப்பந்தத்தின் சில வரிகள் போதும்.

ரயில் கம்பளிக்காகக் கேள்வி எழுப்பிய அவையில், மருத்துவமனை விரிப்புக்காகவும் உறுப்பினர்கள் அதே உரிமையோடு பதில் கேட்க வேண்டும். ரயில் பயணி தனக்கு வேண்டிய போர்வையை வீட்டிலிருந்து கொண்டு செல்லலாம். நோயாளிக்கு அந்தத் தேர்வு இல்லை.